சம்பந்தி அம்மாளின் கிரான்பெர்ரி சாஸ்: அட்டையில் உள்ளபடி செய்தும் வரவில்லை, வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை (சனிக்கிழமை இரவு)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டிய தேவை வந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், குடும்பமாகக் கூடி விருந்து சாப்பிடும் அமெரிக்கப் பண்டிகை. அன்றைய விருந்துக்குக் கிரான்பெர்ரி சாஸ் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் கெட்டுப்போனது. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

நான் கும்பகோணத்துக்காரி. தபால் நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மகன் மாசசூசெட்ஸில் ஷ்ரூஸ்பரியில் இருக்கிறான். மருமகள் இந்த நாட்டுப் பெண். அவளுடைய பெற்றோர் வீடு இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், கார்வர் என்ற ஊரில். அந்த ஊரைச் சுற்றிக் கிரான்பெர்ரி வயல்கள்தான். அறுவடைக் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டிப் பழத்தை மிதக்கவிடுகிறார்கள். நடவுக்குத் தண்ணீர் நிற்கும் வயலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வயல் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியதுபோல் அது சிவந்து நின்றதைப் பார்த்தபோது காரை விட்டு இறங்கி வெகுநேரம் நின்றுவிட்டேன். சம்பந்தி அம்மாளின் தகப்பனார் அந்த வயல்களில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் பழம் பறிக்க அவர் வைத்திருந்த மரக் கருவி, பெரிய சீப்புக்குக் கைப்பிடி போட்டதுபோல் இருக்கும், இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அந்தச் சம்பந்தி அம்மாள் கடந்த ஏப்ரலில் தவறிவிட்டார்.

நான் சைவம். முதன்முதலில் அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்த வருடம், நடுவில் பெரிய தட்டில் வான்கோழி. எனக்கு மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி. சம்பந்தி அம்மாள் எதுவும் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். உருளைக்கிழங்கில் தொட்டு வாயில் வைத்தேன். வருஷப் பிறப்பன்று வைக்கும் மாங்காய்ப் பச்சடிதான் நினைவுக்கு வந்தது. முதலில் புளிப்பு, உடனே இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் இலேசான ஒரு கசப்பு. மூன்று முறை வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் போனபோது எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வைத்திருந்தார். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். மறுமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் மருமகள், “டின்னில் கிடைக்கிறதை வாங்கிக்கொள்வோம்” என்றாள். சொன்னவளே சற்று நேரம் கழித்து, “அம்மா டின் சாஸை வீட்டுக்குள் விடமாட்டாள்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்போதுதான் நான் செய்கிறேன் என்றேன்.

சம்பந்தி அம்மாளின் தகரப் பெட்டியிலிருந்து அட்டை ஒன்று கிடைத்தது. அவர் கையெழுத்து. மூலையில் 1971 என்று இருக்கிறது, அவர் கல்யாணமான வருடம். எழுதியிருப்பது இவ்வளவுதான்: பழம் ஒரு பை, சர்க்கரை இரண்டு கப், தண்ணீர் இரண்டு கப், ஆரஞ்சு, வெடிக்கும் வரை. ‘முந்தைய நாளே’ என்பதற்கு மட்டும் அடிக்கோடு.

முதல் முறை: ஒரு பை பழம், இரண்டு கப் தண்ணீர். இரண்டு கப் சர்க்கரை போடக் கை வரவில்லை, ஒரு கப் போட்டேன். பழம் வெடித்ததும் இறக்கினேன். மறுநாள் பார்த்தால் ரசம். தெளிவு மேலே, தோல் கீழே.

இரண்டாம் முறை: சர்க்கரை ஒன்றரை கப். தண்ணீர் வற்றட்டும் என்று தக்காளித் தொக்கு கிளறுவதுபோல் நாற்பது நிமிடம் கிளறினேன். ஆரஞ்சைத் தோலோடு மிக்ஸியில் அரைத்துச் சேர்த்தேன். மறுநாள் கத்தி வைத்து வெட்ட வேண்டியிருந்தது. தோல் ரப்பர், சுவை கசப்பு. அவர் வைத்த சாஸில் இருந்த கசப்பு வேறு. இது வேப்பிலையை மென்றதுபோல் தொண்டை வரை இறங்கியது.

அவர் செய்தது கரண்டியில் எடுத்தால் நிற்கும், நாக்கில் வைத்தால் கரையும். நடுநடுவே முழுப் பழம் தட்டுப்படும். ஊரிலிருந்து கொண்டுவந்த இண்டாலியம் சட்டியில்தான் இரண்டு முறையும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே தவறுகிறேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நல்லெண்ணெய் (சனிக்கிழமை இரவு)

அம்மா, வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். இந்தப் பழத்தைக் கண்டால் எனக்குக் களாக்காய் நினைவுதான் வரும். சாஸ் செய்து எனக்குப் பழக்கமில்லை, ஆனால் தொக்கு செய்தால் கைவிடவே விடாது. எவர்சில்வர் வாணலியில் கால் கப் நல்லெண்ணெய் காயவைத்துக் கடுகு, பெருங்காயம். கழுவித் துடைத்த பழம் ஒரு பை, மஞ்சள் தூள், உப்பு. வெடித்து மசிந்ததும் மிளகாய்த் தூள் இரண்டு மேஜைக்கரண்டி, எலுமிச்சை அளவு வெல்லம். எண்ணெய் பிரிந்ததும் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி தூவி இறக்குங்கள். புளி வேண்டவே வேண்டாம். அமெரிக்க நண்பர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள். சாஸ் சரியாக வராவிட்டால் இதைக் கொண்டுபோகலாமே.

---

வைகறை (ஞாயிறு காலை)

காவிரிக்கரை அம்மா, நான் இதே மாசசூசெட்ஸில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் 14 ஆண்டுகள் பள்ளிச் சமையலறையில் வேலை. உங்கள் பதிவை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். உங்கள் கையிலும் குறை இல்லை, அட்டையிலும் குறை இல்லை. மாறியது பைதான்.

இன்று கடையில் கிடைக்கும் பை 12 அவுன்ஸ், 340 கிராம். முன்பெல்லாம் ஒரு பை என்றால் ஒரு பவுண்டு, 454 கிராம். உங்கள் சம்பந்தி அம்மாள் எழுதிய கணக்கு அந்தப் பழைய பைக்கு. ஒரு பவுண்டுக்கு இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் தண்ணீர் என்பது இந்த நாட்டில் பாட்டிமார்கள் கைமாற்றிய அளவு. இன்றைய பையின் முதுகில் பாருங்கள், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் என்று போட்டிருக்கும். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய பழைய குறிப்பை வைத்து நானும் இப்படித்தான் ரசம் வைத்தேன். அவர் வந்து பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது சின்னப் பை அம்மா” என்றார்.

நீங்கள் பழத்தில் நாலில் ஒரு பங்கு குறைத்து, தண்ணீரைக் குறைக்காமல், சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டீர்கள். இந்தப் பழத்தில் பெக்டின் என்ற, ஜாமை இறுகவைக்கும் பொருள் நிறைய இருக்கிறது. வெடித்ததும் அது வெளியே வந்து சாறோடு கலக்கும். அது கூழாக இறுகப் புளிப்பு வேண்டும், அது பழத்திலேயே இருக்கிறது. சர்க்கரையும் வேண்டும். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொண்டால்தான் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பற்றும். ஆகவே இங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, கட்டுக்கும் அதுதான். குறைக்க வேண்டும் என்றால் இன்னொரு நாள், இன்னொரு விருந்துக்குக் குறைத்துப் பாருங்கள். இந்த முறை வேண்டாம்.

இரண்டாவது முறை நடந்தது நேர் எதிர். தொக்குக்குக் கிளறக் கிளற நல்லது. இதற்கு அது ஆகாது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் தண்ணீர் வற்றிப் பிசினாகும், தோல் தடிக்கும், கசப்பு ஏறும். அடுப்பில் இருக்கும்போது நீர்த்துத்தான் தெரியும். ஜவ்வரிசிப் பாயசம் சூட்டில் ஓடும், ஆறினால் கரண்டி அசையாது அல்லவா, அப்படித்தான். ‘முந்தைய நாளே’ என்று அடிக்கோடிட்டிருக்கிறாரே, அந்த அட்டையில் அதுதான் செய்முறையின் பாதி.

ஆரஞ்சின் மேல்தோலில்தான் வாசனை. அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி முழுக்கக் கசப்பு. முழுப் பழத்தை அரைத்ததால் அது எல்லாம் உள்ளே போய்விட்டது. பிறகு சட்டி. இவ்வளவு புளிப்புக்கு இண்டாலியம் சரிப்படாது, உலோகச் சுவை இறங்கும். எவர்சில்வர் அல்லது பீங்கான் பூச்சுள்ள பாத்திரம் எடுங்கள்.

அளவை மாற்றி எழுதச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் உள்ளது அப்படியே இருக்கட்டும். இரண்டு பை வாங்குங்கள். முதல் பை முழுவதும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு, 114 கிராம். மொத்தம் 454. சர்க்கரை இரண்டு கப், தண்ணீர் இரண்டு கப். ஒரு கப் என்பது இங்கே ஏறத்தாழ 240 மில்லி. அரிசிக் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான், அதை எடுத்துவிடாதீர்கள்.

பழத்தைத் தட்டில் பரப்பி, மெத்தென்று இருப்பதைக் களைந்துவிடுங்கள். நல்ல பழத்தை மேஜையில் போட்டால் துள்ளும். உள்ளே நான்கு காற்றறைகள் இருக்கின்றன, வயலில் மிதப்பதும் அதனால்தான். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்த பிறகே பழம். மிதமான தீ. கடுகு வெடிப்பதுபோல் ஆரம்பித்து, பிறகு பட்பட்டென்று தொடர்ந்து கேட்கும். மேலே தெறிக்கும், கையைத் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிடுங்கள். மனம் கேட்காது. இருந்தாலும் அணையுங்கள்.

இன்னொன்று. டின் சாஸும் உங்கள் பக்கத்தில் பிறந்ததுதான். 1912இல் ஹான்சன் என்ற ஊரில் மார்க்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. புதிதாக விற்க முடியாத அடிபட்ட பழமும் வீணாகாமல் விலைபோக அது வழி செய்தது. வயலில் உழைத்தவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். வயல்காரர் மகள் ஏன் அதை வீட்டில் சேர்க்கவில்லை என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.

---

காவிரிக்கரை (திங்கள் காலை)

வைகறை, உங்கள் பதிலைப் படித்ததும் குப்பைக் கூடையிலிருந்து பழைய பையை எடுத்துப் பார்த்தேன். கீழே, மூலையில், 12 அவுன்ஸ். முப்பத்தொரு ஆண்டுகள் பார்சலைத் தராசில் வைக்காமல் ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை. இந்தப் பையை மட்டும் எடை பார்க்கத் தோன்றாமல் போய்விட்டதே என்று மனம் வருந்தியது. நேற்று மாலை மகனின் சமையல் தராசை வைத்து 454 கிராம் நிறுத்தேன்.

ஆரஞ்சைப் பற்றி மருமகளிடம் கேட்டேன். அவளுக்கு முதலில் ஒன்றும் நினைவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பழம் வெடிக்கத் தொடங்கியபோது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் தன் வலக்கையை என்னிடம் காட்டி, கட்டைவிரல் முட்டியில் ஒரு வெள்ளைத் தழும்பைத் தொட்டாள். சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலைத் துருவுவது அவள் வேலையாம். துருவலில் விரல் கீறிக்கொண்ட வருடம் அவள் அம்மா விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே, அடுப்பைப் பார், அடுப்பைப் பார் என்று அப்பாவைக் கூப்பிட்டாராம். ஆக, அட்டையில் ஆரஞ்சு என்று இருப்பது மேல்தோல் துருவல். ஒரு பழத்துத் தோல் முழுவதும் என்கிறாள்.

பத்து நிமிடத்தில் அணைத்தேன். பார்த்தால் சாம்பார் மாதிரி. இன்னும் ஐந்து நிமிடம் வைக்கலாமா என்று கை போனது. வைகறை சொன்னாரே என்று விட்டுவிட்டேன். ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து இரவு பத்து மணிக்கு எடுத்தேன். கரண்டி நின்றது! மகன் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டான். கசப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு குறை பாக்கி. எல்லாப் பழமும் வெடித்துவிட்டது, முழுப் பழம் ஒன்றுகூட இல்லை. ஆரஞ்சு வாசனையும் தேட வேண்டியிருக்கிறது. நான் தொடக்கத்திலேயே துருவலைப் போட்டேன். மேலே கொஞ்சம் வெளுத்த நுரை படிந்து நிறத்தை மங்க வைத்தது. இவற்றுக்கு வழி உண்டா?

நல்லெண்ணெய், உங்கள் தொக்கைக் குறித்து வைத்துக்கொண்டேன். நிச்சயம் செய்வேன். ஆனால் வியாழக்கிழமை அந்த மேஜையில் என் சமையலை வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அவருடையதைத்தான் வைக்க வேண்டும்.

---

பனைநிழல் (திங்கள் மாலை)

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொரொன்டோவில் இருக்கிறோம். இங்கே இந்தப் பண்டிகை அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையே முடிந்துவிடும், ஆகையால் இந்த வருடத்துக் கைச்சூடு இன்னும் ஆறவில்லை.

முழுப் பழம் வேண்டுமென்றால் இரண்டு கைப்பிடி பழத்தை முதலில் போடாமல் எடுத்து வையுங்கள். எட்டாவது நிமிடத்தில் அவற்றைச் சேருங்கள். பாதி வெடிக்கும், பாதி தோல் மட்டும் கீறி முழுதாக நிற்கும். அதன்பின் கரண்டியைப் போட்டு மசிக்காமல் பாத்திரத்தை மட்டும் அசைத்துவிடுங்கள்.

தோடம்பழத் தோல், அதாவது ஆரஞ்சுத் தோல், கொதியில் பத்து நிமிடம் கிடந்தால் மணம் ஆவியோடு போய்விடும். துருவலில் பாதியைச் சீனிப் பாகில் போடுங்கள். மீதிப் பாதியை அடுப்பை அணைத்த பிறகு. துருவியதைக் காயவிடாமல் உடனே கொஞ்சம் சீனியோடு விரலால் பிசைந்து வைத்தீர்களென்றால் எண்ணெய் சீனியில் ஊறிவிடும். இது என் மாமியார் கேக்குக்குச் செய்யும் முறை, இதற்கும் பொருந்துகிறது. கறுவா (பட்டை), கராம்பு (கிராம்பு) போடச் சொல்லி உங்களுக்குப் பலர் சொல்வார்கள். அட்டையில் இல்லாததைப் போடாதீர்கள். அந்த வாசனைகள் வந்தால் அது வேறொரு வீட்டுச் சாஸ் ஆகிவிடும்.

நுரையைக் கொதிக்கும்போதே ஓரத்துக்கு ஒதுக்கி வழித்துவிட்டால் நிறம் துலங்கும். பதம் பார்க்க ஒரு சிறிய தட்டைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்திருங்கள். ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சரித்துப் பாருங்கள். ஓடாமல் மெதுவாக நகர்ந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை செய்தாலும் கெடாது, ஒரு வாரத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். சூட்டோடு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம், கிண்ணம் விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பிறகு போத்தலில் நிரப்பி, அங்கே போய்க் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ஒருமுறை இறுகியதைக் கிளறினால் கட்டு உடையும், ஆகவே அகன்ற கரண்டியால் அள்ளி வையுங்கள். மிச்சப் பழத்தைக் கழுவாமல் அப்படியே உறைய வையுங்கள். அடுத்த முறை உருகவிடாமல் நேரே கொதியில் போடலாம்.

---

வைகறை (திங்கள் இரவு)

பனைநிழல் சொன்னது அத்தனையும் சரி, குறிப்பாகக் கிளறக் கூடாது என்பது. நான் விட்டுப்போனதைச் சொல்லிவிட்டார். போய்வந்து எழுதுங்கள் அம்மா.

---

காவிரிக்கரை (வெள்ளி இரவு)

நேற்று விருந்து நல்லபடியாக நடந்தது. கடன்பட்டவள்போல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை செய்தேன். துருவியது மருமகள். சீனியோடு பிசைந்ததும் வீடு முழுக்க மணம். எட்டாவது நிமிடம் எடுத்து வைத்த பழத்தைப் போட்டேன். நுரையை வழித்தேன். ஆறியதும் இரண்டு போத்தல்களில் நிரப்பி, காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

கார்வரில் சம்பந்தி ஐயா அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை ஏற்கெனவே கழுவித் துடைத்து மேஜையில் வைத்திருந்தார். பக்கத்தில் அந்தச் சின்னக் கிண்ணம், எனக்கென்று வைத்தது. இரண்டையும் நிரப்பினேன். சாப்பாட்டின்போது அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது கரண்டி எடுத்தார், மூன்றாவது எடுத்தார். பிறகு ரொட்டித் துண்டால் தட்டை வழித்துவிட்டு, மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அவள் எழுந்து அவர் பின்னால் போய் நின்று தோளில் கை வைத்துக்கொண்டாள்.

வைகறை, நீங்கள் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. டின் ஏன் கூடாது என்று நானே அவரிடம் கேட்டேன். 1959 நவம்பர் 9 அன்று, தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, அன்றைய சுகாதார, கல்வி, நலத்துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் ஓர் அறிவிப்பு விட்டாராம். மேற்குக் கரை மாநிலங்களின் கிரான்பெர்ரியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி கலந்திருக்கிறது, எந்த ஊர்ப் பழம் என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள் என்று. கடைகளில் விற்பனை நின்றுபோனது. மாசசூசெட்ஸ் வயல்களும் சேர்ந்து அடிபட்டன. சம்பந்தி அம்மாளுக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய தகப்பனார், தான் வேலை செய்த வயலின் பழத்தைத் தானே கொண்டுவந்து, மனைவியிடம் கொடுத்துச் சாஸ் செய்யச் சொல்லி, பிள்ளைகள் முன்னால் முதல் கரண்டியைத் தானே சாப்பிட்டாராம். எந்த வயல் பழம் என்று தெரியாத எதையும் அந்த நாளில் மேஜையில் வைப்பதில்லை என்று அதற்குப் பிறகு அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. சம்பந்தி அம்மாள் ஒவ்வோர் அக்டோபரிலும் பக்கத்து வயல்காரரிடம் நேரில் போய் வாங்குவாராம். நான் ஷ்ரூஸ்பரியில் கடையில் வாங்கினேன் என்று சொன்னேன். அடுத்த வருடம் சொல்லி வைக்கிறேன், வாங்கி வைக்கிறேன் என்றார்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது பையின் எடை மாறிய கதையைச் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, பின்பக்கம் எழுதுங்கள் என்றார். ஆங்கிலத்தில் எழுதப் போனேன். வேண்டாம், உங்கள் எழுத்தில் எழுதுங்கள், இவள் படித்துச் சொல்வாள் என்று மகளைக் காட்டினார். மருமகள் மூன்று வருடமாகத் தமிழ் கற்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ‘பழம் 454 கிராம். தோல் துருவல் பாதி முதலில், பாதி கடைசியில். பத்து நிமிடம்’ என்று எழுதினேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டினாள். ‘துருவல்’ மட்டும் தடுக்கியது. தழும்பைத் தொட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டாள்.

இரண்டாவது பையில் மிச்சமிருந்த 226 கிராமை உறைய வைக்கவில்லை. இன்று காலை நல்லெண்ணெய் சொன்னபடி தொக்கு ஆக்கினேன். பழம் அளவு குறைவு என்பதால் மிளகாய்த் தூள் ஒன்றேகால் கரண்டி போட்டேன், காரம் சரியாக இருந்தது. நேற்று வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய ரொட்டியில் தடவி மருமகள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அவள் அப்பாவுக்கு ஒரு சின்னப் போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன்.